ஒரு நிரைக்கு ஒரு ஆள்

ரப்பர் விலை விழுந்த கதையைக் கிள்ளான் பக்கத்தில் அந்தக் காலத்து ஆட்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். லண்டனில் விழுந்ததா, அமெரிக்காவில் விழுந்ததா என்பது அவர்களுக்குத் தெரியாது. எங்கே விழுந்தாலும் அடிபட்டது கூலியாட்கள் குடியிருந்த லயத்து அடுப்புதான் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். முப்பத்தொன்றாம் வருஷம் அது. அரிசி கேட்டவனுக்குக் குருணைகூடக் கொடுக்காமல் கடைக்காரச் சீனன் கையை விரித்த வருஷம்.

கிள்ளானிலிருந்து பந்திங் போகிற சாலையில், ஆற்றைத் தாண்டி உள்ளே போனால் மூங்கில் பாலத் தோட்டம். அதற்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் வாசலில் பலகையில் எழுதியிருந்தது. அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணியும் அவர் சம்சாரமும்தான். மற்றவர்களுக்கு அது மூங்கில் பாலம். பாலம் வெள்ளத்தில் போய்ப் பத்து வருஷமான பிறகும் மூங்கில் பாலம்தான்.

முதலில் கூலியைக் குறைத்தார்கள். எல்லாரும் முணுமுணுத்துவிட்டு அடங்கினார்கள். அப்புறம் ஒருநாள் விடியற்காலை, பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, கங்காணி அய்யாவு ஆண்களின் பெயரோடு நிறுத்திக்கொண்டார்.

"பொம்பளைங்க எல்லாம் வூட்டுக்குப் போங்க. இனிமே உங்களுக்குப் பேரு இல்ல. தொரை உத்தரவு."

போனார்கள். மறுநாளே திரும்பி வந்தார்கள். வராமல் என்ன செய்வது? ஆண்களுக்குக் கொடுத்த மரங்களை, அதாவது அவரவர் நிரையை, ஒன்றரை மடங்கு நீட்டியிருந்தார்கள். ரப்பர் மரம் வெயிலுக்கு முன்னால்தான் பால் விடும். வெயில் ஏறிவிட்டால் கெஞ்சினாலும் விடாது. அத்தனை மரத்தையும் ஒரே ஆள் வெட்டிவிட்டு, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து ஸ்டோரில் கொண்டுபோய் ஊற்றுவது நடக்கிற காரியமில்லை. ஆகவே பெண்கள் ரப்பர்க் காட்டுக்குப் போனார்கள், கூலி இல்லாமல், புருஷன் பேருக்கு. கங்காணி கண்டும் காணாததுபோல் போனார். துரைக்கும் தெரிந்திருக்கலாம். தெரியாமல் இருப்பதில் லாபம் இருக்கும்போது எந்தத் துரை தெரிந்துகொள்வார்?

வீரம்மா வீட்டில் இதற்கு மேலும் ஒரு சங்கதி இருந்தது.

அவள் புருஷன் கன்னையாவுக்கு வலது மணிக்கட்டு போய்விட்டிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தி, மழையில் காண்டாவோடு வழுக்கி விழுந்து கையைத் தரையில் ஊன்றியதில் வந்த வினை. கட்டுப் போட்டார்கள். எலும்பு தன் இஷ்டத்துக்குக் கூடிக்கொண்டது. தூக்க முடியும், சுமக்க முடியும், சோறு பிசைந்து சாப்பிட முடியும். உளியைப் பிடித்து மரத்தில் வைத்தால் மட்டும் கை உதறும். பால் வெட்டுவது பட்டையை மட்டும் சீவி எடுக்கிற வேலை. உளி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் மரத்தில் காயம். காயம்பட்ட மரம் முடிச்சு விழுந்து வீணாகும். மரத்தைக் காயப்படுத்துகிறவனுக்குத் தோட்டத்தில் வேலை கிடையாது.

அதனால் வீரம்மா வெட்டினாள், கன்னையா சுமந்தான். காலையில் லயத்தை விட்டுக் கிளம்பும்போது உளி கன்னையாவின் இடுப்பில்தான் இருக்கும். காட்டுக்குள் முதல் வளைவு திரும்பியதும் அது வீரம்மா கைக்கு மாறும். திரும்பி வரும்போது அதே வளைவில் மறுபடி அவன் இடுப்புக்குப் போகும். ஒருநாள்கூட அதைப்பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை. அவள் நீட்டுவாள், அவன் எங்கேயோ பார்த்துக்கொண்டு வாங்கிக்கொள்வான்.

வீரம்மாவுக்கு அவன் இரண்டாவது புருஷன். முதல் புருஷன் அம்மை கண்டு செத்தபோது அவள் சின்னப் பெண். மூலையில் உட்காரவைத்து அவளைக் கண்ணில் காணக்கூடாத பிறவியாக ஆக்கியிருந்தார்கள். ஆள் பிடிக்கிற கங்காணி ஊருக்கு வந்தபோது எங்கே கூட்டிப்போகிறாய் என்றுகூடக் கேட்காமல் கிளம்பிவிட்டாள். கப்பலில் வாந்தி எடுத்துக் கிடந்தவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவன் கன்னையா. சாதி வேறு. அவன் வீட்டில் கொஞ்சம் நிலமும் நிறைய வீறாப்பும் உண்டு. தோட்டத்து மாரியம்மன் முன்னால் மஞ்சள் கயிறு கட்டினான். கடலுக்கு இந்தப் பக்கம் அதற்குக் கல்யாணம் என்று பெயர். அந்தப் பக்கம் வேறு பெயர். அந்தப் பெயருக்குப் பயந்துதான் கன்னையா தன் அண்ணனுக்கு இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. பிறந்த ஒரே பிள்ளை காய்ச்சலில் போய், ஆற்றோரம் அடக்கமாகியிருந்தது. ஆக அவளுக்கு இருந்த உறவு, ஊர், உலகம் எல்லாம் அந்த உதறுகிற கைக்காரன் ஒருவன்தான்.

ஒருநாள் சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் இராஜம்மா கூட்டம் போட்டாள். இராஜம்மா லயத்தின் முதல் வீட்டுக்காரி. சேதி எதுவானாலும் அவளைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும்.

"இந்தாங்கடி, குடத்த வச்சுட்டு கேளுங்க. கோலாலம்பூர்லேருந்து ஒரு சர்க்கார் கிராணி வர்றாராம். வூடு வூடா பூந்து, யாரு வேல செய்யறா, யாரு சும்மா இருக்கான்னு விசாரிக்கப் போறாராம்."

"விசாரிச்சு என்னாக்கா பண்ணுவாரு?" என்றாள் வீரம்மா.

"என்னா பண்ணுவாரா? டெங்கில் பக்கம் ஒரு தோட்டத்துல ஒருத்தி வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்காம, நானும் எங்க வூட்டுக்காரரும் சேந்து வெட்டறோம், பொழுதோட முடிச்சுடறோம்னு பெருமையா சொல்லிட்டாளாம். ஓகோ, ரெண்டு பேரு செய்யறீங்களா, அப்ப இன்னும் கொஞ்சம் மரம் வச்சுக்கன்னு எல்லாரு நெறையையும் நீட்டிட்டானுங்க. இப்ப அந்தத் தோட்டமே அவள வையுது."

அப்படி ஒருத்தி இருந்தாளா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் கேட்டவர்கள் அத்தனை பேரும் நம்பினார்கள். இன்னும் நிரையை நீட்டினால் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

"அதனால எவ கேட்டாலும் ஒரே பேச்சு. நான் வேலைக்குப் போறதில்ல, சோறாக்கறேன், வூட்டப் பாத்துக்கறேன். அவ்வளவுதான். ஆம்பளைங்களுக்கும் சொல்லி வையுங்க. அவங்களுக்குச் சொல்லித் தரவே வேணாம். எம்பொண்டாட்டிய நான் வேலைக்கு அனுப்பறதில்லன்னு சொல்ல எந்த ஆம்பளைக்குக் கசக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். வீரம்மாதான் முதலில் தலையை ஆட்டினாள். மற்றவர்களுக்கு மறைக்க ஒன்று இருந்தால் அவளுக்கு இரண்டு இருந்தது.

கிராணி மறுவாரம் வந்தார். ராதாகிருஷ்ணன் என்று பெயர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கியிருக்கிற இளவயசுக்காரர். வெள்ளைக் கால்சட்டை முழங்கால்வரை சேறாகி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். மற்ற கிராணிகளைப்போல வாசலில் நின்று அதட்டவில்லை. வீரம்மா போட்ட பலகையில் உட்கார்ந்து, கொடுத்த வரக்காப்பியையும் குடித்தார். அதிலேயே அவளுக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

"வீட்டுல எத்தனை பேரும்மா?"

"நானும் அவரும்தாங்க."

"வேலை செய்றது?"

"அவருங்க."

"நீங்க?"

"நான் வூட்டோடதாங்க."

அவர் பார்வை அவள் விரல்களில் போய் நின்றது. நகக்கண்ணெல்லாம் ரப்பர் பால் காய்ந்து கறுத்திருந்தது.

"கையில கறை இருக்கே?"

"அவரு சட்டைய தொவைச்சதுங்க."

ராதாகிருஷ்ணன் உடனே நம்பிவிடவில்லை. "பயப்படாதீங்கம்மா. எந்த வேலைக்கு எத்தனை ஆள் வேணும், யார் செய்றாங்க, யாருக்குக் கூலி கிடைக்கலைன்னு சரியாத் தெரிஞ்சாத்தான் நாங்க மேலே எடுத்துச் சொல்ல முடியும். நிஜத்தைச் சொன்னா உங்களுக்குத்தான் நல்லது. நீங்க காட்டுக்குப் போறதுண்டா?"

வீரம்மா தடுமாறினாள். சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நாக்கு எழும்பியது. அதற்குள் மூலையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கன்னையா முந்திக்கொண்டான்.

"அவளுக்கு ஒடம்பு தாங்காதுங்க. நான் அனுப்பறதில்ல. நெறை பூரா நானே ஒத்தையா முடிச்சுடுவேன்."

சொன்ன விதம் அவ்வளவு அழகாக இருந்தது. கை நன்றாக இருந்த காலத்துக் கன்னையா பேசுவதுபோல நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். வீரம்மாவுக்கு அது பொய்யென்று தெரியாதா? தெரியும். இருந்தாலும் புருஷன் சம்பாதிக்க, தான் வீட்டோடு இருக்கிற சுகம் அந்த ஒரு நிமிஷம் அவளுக்கும் வேண்டித்தான் இருந்தது. தலையைக் குனிந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். கிராணி எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அடுத்த வீட்டிலும் அதே பதில். கடைசி வீடுவரை அதே பதில்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மரத்தில் தண்ணீர் வழிந்தால் வெட்ட முடியாது. பாதி நாள் வேலையில்லை. மரவள்ளிக் கிழங்கை அவித்து, நெத்திலிக் கருவாட்டைச் சுட்டு, காந்தலாக ஒரு மிளகாய்ச் சம்பல் அரைத்துப் பசியை ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். அப்படி மழை விட்ட ஒரு மத்தியானம் அய்யாவு கங்காணி எல்லாரையும் களத்துக்குக் கூப்பிட்டார். பெண்களையும் வரச் சொன்னார். பேர் திரும்பப் போடப்போகிறார்கள் என்று சில பேர் எண்ணெய் வைத்துத் தலைசீவிக்கொண்டு வந்தார்கள்.

"விசாரணை முடிஞ்சுது," என்றார் அய்யாவு. அவர் முகம் நன்றாக இல்லை. "நீங்க சொன்னதத்தான் தொரைக்கும் சொல்லியிருக்காங்க. ஒரு நெறைக்கு ஒரு ஆளு போதுமாம். ஆம்பளைங்க ஒத்தையாவே முடிச்சுடறாங்களாம். பொம்பளைங்க எல்லாம் சும்மாத்தான் இருக்காங்களாம்."

அய்யாவு யார் முகத்தையும் பார்க்காமல் தொடர்ந்தார்.

"சும்மா இருக்கறவங்களுக்கு இனி லயத்துல எடமில்ல. பாதி லயத்த மூடப் போறாங்க. ஆம்பளைங்க எல்லாம் ஒண்டிக்கட்டைங்க லயத்துக்கு மாறிக்கணும். பொம்பளை புள்ளைங்களுக்கு இலவசக் கப்பல். நாகப்பட்டணம்."

"கங்காணியாரே, நாங்க சும்மா இல்லன்னு உங்களுக்குத் தெரியாதா?" இராஜம்மாவின் குரல் கீச்சென்று வந்தது.

"எனக்குத் தெரியும்டியம்மா. கேட்டவருகிட்ட நீ என்னா சொன்னே?"

அன்றைக்குச் சாயங்காலமே இராஜம்மாவின் புருஷன் தன் பேரையும் கப்பலுக்குக் கொடுத்துவிட்டான். போனால் குடும்பத்தோடு போவோம் என்று பல பேர் கொடுத்தார்கள். அவர்களுக்குப் போய்ச்சேர ஒரு கூரையாவது இருந்தது.

கன்னையா அன்றைக்குச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. கிழங்கை உடைத்து உடைத்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தான்.

"நானும் பேரு குடுத்துடறேன். ரெண்டு பேருமா ஏறுவோம்," என்றான்.

"எறங்கினப்புறம்?"

"எறங்கினப்புறம் என்னா?"

"நாகப்பட்டணத்துல எறங்கி எந்தப் பக்கம் போறதுன்னு கேக்கறேன்."

"எங்க ஊருக்குத்தான்."

"உங்கண்ணன் வூட்டுக்கா? நான் யாருன்னு கேட்டா என்னான்னு சொல்லுவீங்க?"

"சம்சாரம்னு சொல்லுவேன்."

"எந்த ஊரு, எந்த சாதி, யாரு வூட்டுப் பொண்ணுன்னு கேப்பாங்கல்ல. தாலியறுத்தவன்னு தெரியறதுக்கு எத்தனை நாளாவும்? எனக்கு மாட்டுக் கொட்டாயிலகூட எடம் குடுக்க மாட்டாங்க. நீங்க சண்ட போடுவீங்க. நான் இல்லங்கல. கொஞ்ச நாளு போடுவீங்க. அப்புறம் உங்களுக்கும் பசிக்கும்."

கன்னையாவுக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அவள் சொன்னதை ஏற்கெனவே நினைத்துப் பார்த்திருந்தான்.

"கிள்ளானுக்குப் போயிருவோம். பண்டமாரான்ல ஒரு குடிசை போட்டுக்கிட்டு தொறைமுகத்துல மூட்ட தூக்கறேன்."

"மூட்ட எங்க இருக்கு? கப்பலே வரலியாம். தூக்கறதுக்கு ஆளு வரிசையா குந்தியிருக்காங்களாம்."

"காஜாங் பக்கம்?"

"காஜாங்லேருந்துதான் ஆளுங்க நடந்து வந்து நம்ம களத்துல வேல கேட்டு நிக்கறாங்க. நீங்கதான பாத்துட்டு வந்து சொன்னீங்க."

"அப்ப நீ போ. நான் இங்கயிருந்து..." என்று ஆரம்பித்தான். எந்தக் கையால் வெட்டுவான் என்பது இருவருக்குமே நினைவு வந்தது. தட்டைத் தள்ளிவிட்டான்.

வீரம்மா அவன் தள்ளிய தட்டை எடுத்து மூடிவைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"நான் போயி நெசத்த சொல்லிடறேங்க."

"என்னா நெசம்?"

"வெட்டறது நானுன்னு."

"வாய மூடு. தோட்டமே கைகொட்டிச் சிரிக்கும்."

"சிரிக்கட்டுங்க. சிரிப்புக்கா பயம்? வெட்டறது நானு, சொமக்கறது நீங்க. ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒரு நெறைன்னு வெளங்கச் சொன்னா ரெண்டு பேரையும் விட்டு வச்சுருவாங்கல்ல? ஒரு கூலி குடுத்தாப் போதும். நமக்குத் தனியா என்னா வேணும்? அந்தக் கிராணி நல்ல மனுசங்க. நெசத்த சொன்னா நல்லதுன்னு அவரு வாயாலயே சொன்னாரு."

கன்னையா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். வேண்டாமென்று மட்டும் சொல்லவில்லை.

கப்பலுக்குப் பெயர் சரிபார்க்க ராதாகிருஷ்ணன் மறுபடி வந்த அன்று வீரம்மா தோட்டத்து ஆபீஸ் படியேறினாள். கழுவிக்கட்டிய சேலை. கை நகத்தில் அதே கறை. மறைக்கவில்லை, முந்தானைக்கு வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டாள். மேசைக்குப் பக்கத்தில் அய்யாவு நின்றுகொண்டிருந்தார்.

அவள் சொல்லி முடிக்கும்வரை ராதாகிருஷ்ணன் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு ஏம்மா இல்லைன்னீங்க?"

"எல்லாருமே அப்பிடித்தானுங்க..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மத்தவங்க கதை எனக்கெதுக்குங்க. எங்க வூட்டுக் கதைய சொன்னேன்."

அவருக்கு விளங்கிவிட்டது. லயம் முழுக்க ஒரே பதில் வந்தபோது உறுத்திய உறுத்தல் இதுதான் என்று தெரிந்திருக்கும். முகம் வெளுத்துப்போய் அய்யாவுவைப் பார்த்தார். அய்யாவு கூரையைப் பார்த்தார். அந்தப் பதில்கள் எல்லாம் சுத்தமாகக் கூட்டப்பட்டு, மேலே போய், முடிவாகித் திரும்பி வந்தாயிற்று. ராதாகிருஷ்ணன் எழுந்து துரையின் அறைக்குப் போனார். உள்ளே இங்கிலீஷில் பேச்சு நீண்டது. கெஞ்சுவதுபோலக்கூட ஒரு குரல் கேட்டது. அது துரையின் குரலில்லை.

துரை வெளியே வந்தார். கொடுமைக்காரர் என்று அவரைச் சொல்ல முடியாது. அவருக்கும் சம்பளத்தில் வெட்டு விழுந்திருந்தது, அவருக்கும் மேலே துரைகள் இருந்தார்கள். ஸ்டோரில் பாலை ஊற்றிவிட்டு வந்த கன்னையாவைக் கூப்பிடச் சொன்னார். ஆபீஸுக்குப் பின்னால் நின்ற மரத்தைக் காட்டி, வெட்டு என்று கையால் சைகை செய்தார்.

கன்னையா இடுப்பிலிருந்து உளியை எடுத்தான். அவன் ஒருவேளை வெட்டிவிடுவான் என்று வீரம்மா நினைத்தாள். வெட்டிவிடவேண்டும் என்றும், வெட்டிவிடக்கூடாது என்றும் ஒரே நேரத்தில் மாரியம்மனை வேண்டிக்கொண்டாள். இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவன் உளியைப் பட்டையில் வைத்தான். ஒரு சாண் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் கை உதறியது. உளி உள்ளே இறங்கி வெள்ளைக் கட்டை தெரிந்தது. அவன் விடாமல் மறுபடி வைத்தான். மறுபடியும் இறங்கியது. மூன்றாவது தடவை வைக்கப்போனபோது வீரம்மா கிட்டே போய், "விடுங்க," என்று உளியை வாங்கிக்கொண்டாள். பக்கத்து மரத்தில் அவள் சீவிய பட்டை வெற்றிலை நரம்பு மாதிரி மெல்லிசாகச் சுருண்டு விழுந்தது. பால் வரிசை பிசகாமல் இறங்கி வந்தது.

துரை தலையை ஆட்டினார். ராதாகிருஷ்ணனிடம் என்னமோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான் அவருக்கு அதில் வேலை.

ராதாகிருஷ்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உங்களை வச்சுக்கிறாராம்மா. பொம்பளைக் கூலியில உங்க பேரைப் போடச் சொல்லிட்டார்."

"அவரு பேரு?"

"ஒரு நிரைக்கு ஒரு ஆள்தாம்மா."

"ரெண்டு பேரும் சேந்துதான் அந்த நெறைங்க. நான்தான் சொன்னேன்ல? பால் சொமக்கறது அவருங்க."

"சுமக்கிறதுக்குன்னு ஆள் கிடையாதும்மா. வெட்டறவங்கதான் சுமக்கணும். அவர் வேலைக்கு ஆகாதவர்னு ஆயிட்டுது. அப்படிப்பட்டவங்களைக் கப்பல்ல அனுப்பிடணும்னு..."

"அப்ப நானும் கூடப் போறேங்க," என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். நாகப்பட்டணத்துக் கரை கண்ணில் வந்து நின்றது. அங்கே இறங்கி நிற்கிற தன்னையும், கொஞ்சம் தள்ளி நிற்கிற அவனையும் பார்த்தாள்.

"ஐயா, நான் சொன்னத திருப்பி எடுத்துக்கறேங்க," என்றாள். "அவருதான் வெட்டறாரு. நான் சும்மாத்தான் இருக்கேன். காட்டுப் பக்கமே போனதில்லைங்க. பழையபடி எழுதிக்கங்க."

அய்யாவு கங்காணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இத்தனை வருஷமாக ஆட்களை அதட்டியே தொண்டை தடித்தவர் அவர்.

"துரை கண்ணால பாத்துட்டாரேம்மா," என்றார் ராதாகிருஷ்ணன். அவர் குரல் உடைந்திருந்தது. அதனால் யாருக்கு என்ன பிரயோசனம்?

கன்னையா காண்டாவை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு லயத்தைப் பார்த்து நடந்தான். வீரம்மா பின்னாலேயே ஓடினாள். வழியெல்லாம் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

"நான் கெடுத்துட்டேங்க. என் வாயே கெடுத்துடுச்சு."

"நீ என்னா கெடுத்தே? பேசாம இருந்திருந்தா நீ போயிருப்பே. பேசினதுல நான் போறேன். யாராவது ஒருத்தரு போறதுன்னு அவனுங்க முன்னாலயே முடிவு பண்ணியாச்சு."

"நீங்க போயி இருந்துட்டு..."

"வெலை ஏறட்டும். கையும் கொஞ்சம் தேறட்டும். வந்துடறேன்."

"வந்துடுங்க," என்றாள். ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள் என்பதும், அந்தக் கை தேறாது என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அவன் சொன்னான். தெரிந்துகொண்டே அவள் நம்பினாள்.

கப்பல் நாள் வரும்வரை கன்னையா விறகு பிளந்தான். காலையில் அவளோடு காட்டுக்குப் போய்ப் பால் சுமந்துவிட்டு வருவான், வந்ததும் கோடாலியை எடுத்துக்கொள்வான். பட்டுப்போன ரப்பர் மரங்களை இழுத்து வந்து, இடது கையால் பிளந்து, வீட்டுக்குள் ஒரு சுவர் முழுக்கக் கூரைவரை அடுக்கினான். "போதுங்க, நான் ஒருத்திதான, இவ்வளவு எதுக்கு?" என்று அவள் கேட்டபோது, "மழைக்காலம்," என்று மட்டும் சொன்னான். ஒருத்திதானே என்று வாய்தவறிச் சொல்லிவிட்டதற்காக வீரம்மா வீட்டுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள்.

இராஜம்மா தன் அம்மியையும் ஆட்டுக்கல்லையும் வீரம்மாவிடம் தள்ளிவிட்டுப் போனாள். "ஏண்டி, அன்னைக்குக் கொழாயடியில நான் பேசாம இருந்திருக்கலாம்ல? என் நாக்குல புத்து வைக்க," என்று தலையில் அடித்துக்கொண்டாள். வீரம்மாவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றே அவளுக்குப் புரியவில்லை. கேட்டவர் நல்லவர், பதில் சொன்னவர்கள் பயந்தவர்கள், முடிவு செய்தவரோ இவர்கள் முகத்தையே சரியாகப் பார்க்காதவர்.

துறைமுகத்துக்கு லோரியில் போனார்கள். பெட்டியும் மூட்டையும் பிள்ளைகளுமாக நிற்க இடமில்லை. அய்யாவு தன் பொறுப்பில் வீரம்மாவையும் ஏற்றிக்கொண்டார். "சாயங்காலம் இதே லோரியில திரும்பிடணும். நாளைக்குப் பெரட்டுக்கு நீ நிக்கலன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது," என்று சொல்லித்தான் ஏற்றினார்.

பெரிய தகரக் கொட்டகை. கயிறு கட்டி, போகிறவர்களை அந்தப் பக்கமும் வழியனுப்ப வந்தவர்களை இந்தப் பக்கமும் பிரித்திருந்தார்கள். எத்தனையோ தோட்டத்து ஆட்கள். கோழிக்கூடையோடு வந்தவனை, கோழிக்கு டிக்கெட் இல்லை என்று விரட்டிக்கொண்டிருந்தார்கள். வரிசையின் முனையில் ஒரு கிராணி மேசை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கன்னையாவின் முறை வந்தது.

"என்னப்பா, எதுக்குப் போறே?"

"கை போச்சுங்க."

"கூட யாரு?"

"கூட யாருமில்லீங்க. சம்சாரம் தோட்டத்துல இருக்கா."

"அவ வரலியா? என்னா செய்றா அங்க?"

கன்னையா திரும்பிக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் பார்த்தான். வீரம்மா முந்தானையை வாயில் வைத்து நின்றுகொண்டிருந்தாள். சும்மா இருக்கிறாள் என்று அவன் சொல்லியிருக்கலாம். அங்கே யாருக்கும் அவனைத் தெரியாது.

"பால் வெட்டறாளுங்க," என்றான் உரக்க. கொட்டகையில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். "எங்க தோட்டத்துல அவளுக்கு மேல வெட்டறவன் கெடையாது. ரெண்டு வருசமா எம்பேருல வெட்டினது அவதாங்க. நான் சும்மா கூடப் போனவன்."

வரிசையில் எவனோ களுக்கென்று சிரித்தான். கன்னையா தலையைக் குனியவில்லை. கிராணி கேட்டதற்கு மேலே பதில் வந்த எரிச்சலில், "போ, போ," என்று கையைக் காட்டினார். கன்னையா மூட்டையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போனான்.

அந்த வார்த்தையை ஒருநாள் அவன் வாயால் கேட்டுவிட வீரம்மாவுக்கு ஆசை இருந்ததுண்டு. அந்த வளைவில் அவன் எங்கேயோ பார்த்துக்கொண்டு உளியை வாங்கும்போதெல்லாம் இருந்ததுண்டு. இப்போது கேட்டாயிற்று. யாருக்கு வேண்டும் இந்தப் பேர்? தன்னால்தான் எல்லாம் நடக்கிறது என்று ஊரெல்லாம் பொய் சொல்லிக்கொண்டு, உளியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவன் பாட்டுக்குப் பக்கத்தில் இருந்திருக்கக்கூடாதா?

"சும்மா கூட வந்தவரா நீங்க?" என்று கத்தினாள். "நீங்க சும்மா வந்தவரு இல்லீங்க!"

அவனுக்குக் கேட்டிருக்காது. கப்பல் சங்கு ஊதிக்கொண்டிருந்தது.

லோரிக்காரன் ஹாரனை அடித்தான். அய்யாவு வந்து தோளைத் தொட்டார். கப்பல் கிளம்புகிறவரை நிற்கமுடியாது, வழியில் வெள்ளம் என்றார். அவர் முன்னால் லோரிக்காரன் பக்கத்தில் உட்கார, வீரம்மா போய் லோரியின் பின்னால் ஏறினாள். காலையில் மூச்சுவிட இடமில்லாமல் வந்த லோரி அது. திரும்பும்போது பின்னால் அவள் ஒருத்திதான் இருந்தாள்.